முட்டைகளைக் காக்க ஒரு மாபெரும் ஓட்டம்

ஒரு காட்டில் யானை இருந்தது, கரடி இருந்தது, தண்ணீர் மட்டும் அவ்வப்போது இருந்தது. இவை போதாதென்று ஒரு நலச் சங்கமும் இருந்தது.

சங்கத்தின் வேலை வருஷத்துக்கு ஒரு முறை யாரையாவது காப்பாற்றுவது. யாரைக் காப்பாற்றலாம் என்று தை மாதம் கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். பங்குனியில் எல்லோரும் சேர்ந்து ஐந்து கிலோமீட்டர் ஓடுவார்கள். ஓடினால் எப்படிக் காப்பாற்றியதாகும் என்று மட்டும் கேட்கக் கூடாது. ஒரு முறை ஆமை ஒன்று கேட்டுவிட்டது. அன்றிலிருந்து அதை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை. போன வருஷம் நத்தைகளுக்காக ஓடினார்கள். முந்நூறு பேர் ஓடி முடித்தபோது அந்தப் பாதையில் காப்பதற்கு நத்தை எதுவும் மிஞ்சவில்லை. பிரச்சினை முழுமையாகத் தீர்க்கப்பட்டது என்று ஆண்டறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்த வருஷம் ஆட்காட்டிக் குருவியின் முட்டைகளைக் காப்பது என்று தீர்மானம் ஆனது. ஆட்காட்டி மரத்தில் உட்காராது. கூடும் கட்டாது. வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவே, தரையில் கால் அளவு பள்ளம் பறித்து முட்டையிடும். போகிற வருகிறவர்கள் மிதித்துவிடுகிறார்கள் என்பது அதன் தலைமுறைக் கவலை. இதைக் கேட்ட சங்கத்தார் மனம் உருகிப்போய், முந்நூறு பேரைத் தரையில் ஓட விடுவது என்று முடிவு செய்தார்கள்.

காடு முழுக்க பிளெக்ஸ் வைத்தார்கள். 'இளவேனில் இன்ப ஓட்டம்' என்று மேலே. 'முட்டையைக் காப்போம்' என்று கீழே. நடுவில் செயலாளர் கும்பிட்டபடி சிரித்தார். செயலாளர் ஒரு கீரி. பெயர் குற்றாலிங்கம். அந்தக் காட்டில் இளவேனில் என்பது புங்க மரம் தளிர்ப்பதற்கும் மண்டை பிளக்கும் வெயிலுக்கும் இடையில் வருகிற ஒரு வாரம். பிளெக்ஸ் அச்சாகி வருவதற்குள் அந்த வாரம் முடிந்துவிட்டது.

இதெல்லாம் யாருக்காக நடந்ததோ அந்த ஆட்காட்டிக்குப் பேச்சி என்று பெயர். ஓடைக்கு வடக்கே ஒரு பொட்டல். அங்கே அவளுக்கு நாலு முட்டை இருந்தது. வெயில் ஏறினால் முட்டை உள்ளேயே வெந்துவிடும் என்பதால் அவளும் வீட்டுக்காரன் சுடலையும் முறை வைத்து ஓடைக்குப் பறந்து போய், வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காருவார்கள். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது போக வேண்டும். இதற்கெல்லாம் யாரும் டீ-ஷர்ட் கொடுப்பதில்லை.

வியாழக்கிழமை காலை பேச்சி வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்பினாள். முட்டை மேல் உட்கார்ந்திருந்த சுடலையின் முதுகில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. கோடு அவன் முதுகோடு நிற்கவில்லை. அவனுக்கு முன்னாலும் போனது, பின்னாலும் போனது. பொட்டலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போனது.

"என்னங்க இது?"

"சுண்ணாம்பு. எருமை ஒண்ணு வந்துச்சு. முதுகுல மூட்டை, மூட்டையில ஓட்டை. நேரா வந்து என்னைத் தாண்டிக் காலைத் தூக்கி வச்சு நேராப் போயிட்டு. நான் மூச்சுக்கூட விடலை."

"எதுக்குக் கோடு போடுதாங்க?"

"ஞாயித்துக்கிழமை ஓடுதாங்கல்லா. அந்தப் பாதைதான்."

பேச்சி கணக்குப் போட்டுப் பார்த்தாள். முட்டை பொரிவதற்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆகிவிடும். ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு. பொரித்துவிட்டால் கவலையில்லை. ஆட்காட்டிக் குஞ்சு ஓடு காய்ந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நடந்துவிடும், அம்மா சத்தம் கொடுத்தால் கல்லோடு கல்லாகப் படுத்துக்கொள்ளும். ஆனால் முட்டைக்குக் கால் இல்லை. தூக்கிப் போகலாம் என்றால் பேச்சிக்குக் கையும் இல்லை. அரை நாள்தான் இடைவெளி. அந்த அரை நாளில் முந்நூறு பேர் ஓடப்போகிறார்கள்.

கத்தி விரட்டலாமே என்று கேட்பீர்கள். ஆட்காட்டிகள் கத்துவது புதிதா? மாடு வந்தால் கத்தும், மேகம் நகர்ந்தால் கத்தும், ஒன்றுமே வராவிட்டால் ஏன் இன்னும் வரவில்லை என்று கத்தும். காடு அதற்குப் பழகிப்போய்விட்டது. அவள் கத்தினால் பக்கத்து எறும்புகூட நின்று பார்ப்பதில்லை.

பேச்சி சங்க அலுவலகத்துக்குப் போனாள்.

அலுவலகம் அத்திமரத்தடியில் இருந்தது. மூன்று வரிசைகள். பெயர் பதிய ஒன்று, டீ-ஷர்ட் வாங்க ஒன்று, குறைகளைச் சொல்ல ஒன்று. முதல் இரண்டும் ஓடை வரைக்கும் நீண்டிருந்தன. மூன்றாவதில் யாருமே இல்லை. அதிர்ஷ்டம்தான் என்று பேச்சி அதில் போய் நின்றாள். மதியம் வரை நின்றாள். அப்புறம் ஓர் அணில் சொன்னது: குறை கேட்கும் அதிகாரிதான் டீ-ஷர்ட்டும் கொடுக்கிறார், டீ-ஷர்ட் வரிசை முடிந்ததும் இங்கே வருவார். டீ-ஷர்ட் வரிசை முடிவதாகத் தெரியவில்லை. பேச்சி அந்த வரிசையின் வாலில் போய் நின்றாள்.

டீ-ஷர்ட்டின் முன்பக்கம் ஒரு முட்டைப் படம். பால்போல் வெள்ளையாக, வழவழவென்று, கோழி முட்டை. ஆட்காட்டி முட்டை சேற்று நிறத்தில் கரும்புள்ளியோடு இருக்கும். அதைப் பார்த்தால் காப்பாற்றத் தோன்றாது, கழுவத்தான் தோன்றும் என்று சங்கத்தில் யாரோ சொல்லிவிட்டார்களாம். பின்பக்கம் ஓட்டப் பாதையின் வரைபடம். கூடவே காலடி எண்ணுகிற பட்டை ஒன்றும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். தனக்கு முன்னால் நின்ற மரவட்டை அதைக் கட்டிக்கொண்டு இரண்டடி நகர்வதற்குள் பட்டை ஆயிரத்தைத் தாண்டி, வாழ்த்துகள் என்று பாட்டுப் பாடியதைப் பேச்சி பார்த்தாள்.

கவுன்ட்டரில் இருந்தவர் இசக்கியப்பன். அவர் ஓர் உடும்பு.

"பேரு?"

"பேச்சி."

"சைஸு?"

"சட்டை வேண்டாம் அண்ணாச்சி. ஓடுத பாதையை மாத்தணும். என் முட்டை அங்கனதான் இருக்கு."

உடும்பின் நாக்கு வெளியே வந்து உள்ளே போனது.

"எங்கன?"

"பொட்டல்ல."

"பொட்டல் பெருசுல்லா. பொட்டல்ல எங்கன?"

பேச்சி ஓரடி பின்வாங்கினாள்.

"பதறாதம்மா. நான் அதிகாரியாக் கேக்குதேன்," என்று இசக்கியப்பன் ஒரு படிவத்தை நீட்டினார். பாதை மாற்றக் கோரும் விண்ணப்பம். முட்டைகளின் எண்ணிக்கை. பருமன். முட்டைகள் இருக்கும் சரியான இடம், அருகிலுள்ள அடையாளத்துடன். பெற்றோர் இருவரும் இல்லாத நேரம். அடியில் பொடி எழுத்தில், களஆய்வு காலை உணவுக்கு முன் நடைபெறும் என்று இருந்தது. ஆய்வு செய்யும் அதிகாரியின் பெயரும் ஏற்கெனவே அச்சாகியிருந்தது: இசக்கியப்பன்.

"இடத்தை எழுதாம குடுக்கலாமா அண்ணாச்சி?"

"இடம் தெரியாம எந்த இடத்தை விட்டு மாத்த? நீயே சொல்லு."

நியாயமான கேள்விதான். இதுவரை முட்டை இருக்கும் இடத்தை ஓர் உடும்பிடம் எழுதிக் கொடுத்த ஆட்காட்டி உலகத்தில் கிடையாது. எழுதிக் கொடுக்காமல் பாதை மாறாது. எழுதிக் கொடுத்தால் பாதை மாறலாம், முட்டை இருக்காது. பேச்சி படிவத்தை அப்படியே வைத்துவிட்டுச் செயலாளரைப் பார்க்கப் போனாள்.

செயலாளர் குற்றாலிங்கம் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்கம்மா, வாங்க! விழா நாயகியே வந்துட்டாங்க. பயப்படாம கிட்ட வாங்க. செவ்வாய், வெள்ளி நான் முட்டையைக் கண்ணாலகூடப் பாக்க மாட்டேன்."

"இன்னைக்கு வியாழக்கிழமை அண்ணாச்சி."

"ஆபீஸ் நேரத்துலயும் பாக்க மாட்டேன்," என்றார் செயலாளர். கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார்.

பேச்சி நின்ற இடத்திலிருந்தே விஷயத்தைச் சொன்னாள். எங்கே என்று சொல்லவில்லை. பொட்டல் பக்கமே ஓடாமல் ஓடைக்கரையோடு ஓடினால் போதும் என்றாள்.

"முந்நூறு டீ-ஷர்ட் முதுகுல அச்சாயிட்டும்மா. இப்ப பாதையை மாத்தினா, முதுகு ஒரு பக்கம் போகும், காலு ஒரு பக்கம் போகும். பாக்கதுக்கு நல்லாவா இருக்கும்?"

"அப்ப ஒரே ஒரு நாள் தள்ளி வைங்க. திங்கக்கிழமை ஓடுங்க. அதுக்குள்ள பிள்ளைக பொரிச்சு எந்திச்சிரும்."

"திங்கக்கிழமை காலைல ஏழரையில இருந்து ஒம்பது ராகு காலம். ராகு காலத்துல ஒரு நல்ல காரியத்தைச் செய்யலாமா? அதும் உங்க பிள்ளைக காரியம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அதோட, பொரிச்சிட்டா அப்புறம் நாங்க எந்த முட்டையைக் காப்பாத்த ஓட?"

அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

"நான் ஒண்ணு செய்யுதேன்," என்றார் செயலாளர் பெருந்தன்மையோடு. "உங்களை மேடையில ஏத்துதேன். பொன்னாடை போடுதோம். ஒரு நிமிஷம் மைக் தாரேன். முந்நூறு பேருகிட்டயும் நீங்களே நேரா சொல்லிருங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் சுடலைக்கு உயிர் வந்தது. "அதான் சரி. ஆபீஸ்காரன் அப்படித்தான் பேசுவான். ஓட வாரவங்க அப்படியா? நம்ம முட்டைக்காகத்தான எந்திச்சு வாராங்க? உள்ளதை உள்ளபடி சொல்லு. முந்நூறு பேருமா கெட்டவங்களா இருப்பாங்க?"

சனிக்கிழமை சாயங்காலம் முட்டைகளுக்கு உள்ளிருந்து கீச்சென்று சத்தம் வரத் தொடங்கியது. நாலிலும் வந்தது. பேச்சி வயிற்றைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு கேட்டாள். இருபத்தேழு நாள் வெயிலில் காய்ந்ததெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி ஓட்டத்துக்கு எல்லோரும் ஐந்தரைக்கே வந்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் எட்டே முக்காலுக்கு வந்தார். சிறப்பு விருந்தினர் யானை வேழமுத்து. அவர் வராமல் எதுவும் தொடங்காது, வந்தபின் எதுவும் சீக்கிரம் முடியாது. அதுவரை கரடி மேடையேறி உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தது. கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்று அது குதித்ததில் மேடையின் ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

பேச்சி அந்த ஒவ்வொரு நிமிஷத்தையும் வரவு வைத்துக்கொண்டாள். யானை மதியம் வரைக்கும் வராமலே இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று வேண்டிக்கொண்டாள். விழா தாமதமாக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே ஆள் அந்தக் காட்டில் அன்று அவள்தான்.

உடும்பு வரவேற்புரை நிகழ்த்தியது. "முட்டையைப் பத்தி என்னை மாதிரி நினைச்சு நினைச்சு ஏங்கினவங்க இந்தக் காட்டுல கிடையாது," என்று தொடங்கியபோதே அதன் நாக்கு இரண்டு தடவை வெளியே வந்து போனது. யானை தலைமையுரை ஆற்றினார். நத்தைகளின் நல்வாழ்வுக்காகத் தம் குடும்பமே பாடுபடும் என்றார். செயலாளர் காதில் ஏதோ சொன்னதும், "முட்டைகளுக்காகவும்," என்று சேர்த்துக்கொண்டார்.

பிறகு பேச்சியைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். யானைக்கு வாங்கிய அதே அளவில் வாங்கியிருந்தார்கள். பேச்சி அதற்குள் காணாமல் போனாள். இரண்டு பேர் சேர்ந்து அவளைத் தேடி வெளியே எடுத்து மைக் முன்னால் நிறுத்தினார்கள்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். முந்நூறு பேர். முந்நூறு நெஞ்சிலும் முட்டை. முன்வரிசையில் உடும்பு, பக்கத்தில் கீரி. எங்கே என்று சொல்லாமல் இனி முடியாது. இத்தனை பேர் நடுவில் சொன்னால் அவர்கள் துணிய மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேசத் தெரியாது. எனக்கு நாலு முட்டை. நீங்க இப்ப ஓடப்போறீங்கல்லா, அந்தக் கோட்டு மேலயே இருக்கு. பொட்டல்ல, ஒத்தை எருக்கஞ்செடி தாண்டினதும். என் வீட்டுக்காரரு அதும் மேல உக்காந்திருக்காரு. நேத்துல இருந்து உள்ள பிள்ளைக சத்தம் கேக்குது. மதியத்துக்குள்ள வெளிய வந்திரும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் ஓடாதீங்கய்யா. நடந்துகூட வந்திராதீங்க. உங்க கால்ல விழுந்து கேக்குதேன்."

ஒரு மான் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இன்னொரு மான் அதைப் பார்த்து அழுதது. பேச்சிக்கு நெஞ்சு லேசானது. கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள்.

அப்புறம் கைதட்டல் எழுந்தது. அத்திமரத்திலிருந்து பழம் உதிர்கிற அளவுக்குத் தட்டினார்கள். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய மைனா மைக்கைப் பிடுங்கிக்கொண்டது. "எவ்வளவு ஆழமான பேச்சு! நம்ம ஒவ்வொருத்தர் வாழ்க்கைப் பாதையிலும் ஒரு முட்டை இருக்குன்னு எவ்வளவு அழகா உருவகமா சொல்லிட்டாங்க! இந்த உணர்ச்சியோட, இதே வேகத்தோட, எல்லாரும் ஓடுவோமா?"

"ஓடுவோம்!" என்றது காடு.

"உருவகம் இல்லம்மா, நிசமாவே..." என்று பேச்சி சொன்னது மைக்கில் விழவில்லை. யானை துதிக்கையால் கண்ணீரைத் துடைத்தபடி மறுகையில்லாததால் அதே துதிக்கையால் கொடியையும் அசைத்தார்.

பேச்சி கிளம்பப் பார்த்தாள். மகளிர் அணியினர் படம் எடுக்க வேண்டும் என்று பிடித்து நிறுத்தினார்கள். ஒரு படம் போதாது, கண்ணை மூடிவிட்டாய், இன்னொன்று என்றார்கள். அவள் உதறிக்கொண்டு பறந்தபோது ஓட்டத்தின் முன்வரிசை பொட்டலை நெருங்கியிருந்தது. காட்டெருமைகள் முதலில். அதற்குப் பின்னால் மான்கள், பன்றிகள், குடும்பம் குடும்பமாகக் குரங்குகள். புழுதியில் வெள்ளைக் கோடு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதைத் தவறாமல் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவ்வளவு ஒழுங்காக அந்தக் காடு வேறெதையும் பின்பற்றியதில்லை.

கோட்டின் மேல் சுடலை உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. அவனுக்கு அடியில் ஒரு முட்டையின் ஓடு விரிசல்விட்டு, உள்ளிருந்து அலகு நுனி ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தரை அதிர அதிர அது உள்ளே போய் உள்ளே போய் வந்தது. பேச்சி கத்தினாள். விழா நாயகி உற்சாகப்படுத்துகிறாள் என்று எல்லோரும் கையை ஆட்டினார்கள்.

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். யோசித்துச் செய்யவில்லை. ஆட்காட்டி வர்க்கத்துக்கே உரிய பழைய வித்தை அது. பெரிய ஆபத்து வரும்போது, அடிபட்ட பறவைபோல் ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டும். ஆபத்து அந்தப் பக்கம் திரும்பும். நொண்டி நொண்டிக் கூட்டிப் போய், முட்டைக்கு வெகுதூரத்தில் விட்டுவிட்டுப் பறந்துவிடும்.

காட்டெருமைகளின் மூக்குக்கு முன்னால் பேச்சி தொப்பென்று விழுந்தாள். இடது சிறகை விரித்துப் போட்டாள். புழுதியில் புரண்டாள். எழுந்தாள், விழுந்தாள், கிழக்கே நொண்டினாள்.

"ஐயோ, றெக்கை ஒடிஞ்சிட்டே!" என்று ஒரு மான் அலறியது.

அவ்வளவுதான். முந்நூறு பேரும் வெள்ளைக் கோட்டை விட்டார்கள். அச்சான பாதையையும் விட்டார்கள், முதுகையும் மறந்தார்கள். எந்தப் படிவமும் கேட்காமல் அவளுக்குப் பின்னால் ஓடினார்கள். மான்கள் இரக்கத்தால் ஓடின. குரங்குகள் படம் எடுக்க ஓடின. காட்டெருமைகள் மான்கள் ஓடுவதால் ஓடின. நரிகள் எதற்காக ஓடின என்று நான் சொல்லத் தேவையில்லை. அவற்றின் டீ-ஷர்ட்டிலும் முட்டையைக் காப்போம் என்றுதான் எழுதியிருந்தது. எல்லோருக்கும் முன்னால், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நலச் சங்கச் செயலாளர் ஓடினார்.

ஓர் ஆள் மட்டும் நின்றது. உடும்புக்கு ஓடி வழக்கமில்லை, யோசித்து வழக்கம் உண்டு. ஒத்தை எருக்கஞ்செடி தாண்டினதும் என்று மேடையில் கேட்டது அதற்கு நன்றாக நினைவிருந்தது. அது மெதுவாகத் தலையைத் திருப்பிப் பொட்டலைப் பார்த்தது. எருக்கஞ்செடி தெரிந்தது. ஒரு கால் எடுத்து வைத்தது.

பேச்சி அதைப் பார்த்துவிட்டாள். நொண்டியபடியே திரும்பி வந்தாள். கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து, உடும்பின் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மல்லாக்க விழுந்து துடித்தாள். ஒரு சாண் என்றால் சரியாக ஒரு சாண். முட்டை அங்கே இருக்கிறது, எங்கும் போகாது. கறி இங்கே இருக்கிறது, கண்ணெதிரே துடிக்கிறது. இசக்கியப்பன் அதிகாரியாக இருந்து பழகியவர். கையெட்டும் தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போய்ப் பழக்கமில்லை. பாய்ந்தார். வால் இறகு இரண்டு அவர் வாயோடு போனது. பேச்சிக்கு உண்மையாகவே வலித்தது. அதன்பிறகு நொண்டுவதற்கு அவள் அதிகம் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

உடைமுள் காட்டுக்குள் கூட்டிப் போனாள். வறண்ட வாய்க்கால் பள்ளத்தில் இறக்கி ஏற்றினாள். கல்லுமேட்டைச் சுற்றி வந்தாள். டீ-ஷர்ட்டெல்லாம் முள்ளில் கிழிந்தது, நாக்கெல்லாம் வெளியே வந்தது, காலடி எண்ணும் பட்டைகள் பாட்டுப் பாடிப் பாடி ஓய்ந்தன. பொட்டல் கண்ணுக்குத் தெரியாத தூரம் வந்ததும் பேச்சி நின்றாள். சிறகை மடக்கிக்கொண்டாள். விர்ரென்று மேலே பறந்தாள்.

முந்நூறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"நல்லாத்தான இருக்கு!" என்றது ஒரு பன்றி.

"ஏமாத்திட்டா!" என்றது அழுத மான். தன் கண்ணீர் வீணாகிவிட்டதை அதனால் தாங்க முடியவில்லை.

அங்கேயே, ஒரு வேலமரத்தடியில், அவசரப் பொதுக்குழு கூடியது. பேச்சி மேலே வட்டமடித்துக்கொண்டிருக்க, கீழே விசாரணை நடந்தது. சான்றிதழ் இல்லாமல் நொண்டியது முதல் குற்றம். பொதுமக்களின் இரக்கத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியது இரண்டாவது. முட்டைகளுக்கான ஓட்டத்துக்கு இடையூறு செய்ததன் மூலம் முட்டைகளுக்கே துரோகம் செய்தது மூன்றாவது.

"உங்களுக்கு முட்டை மேல அக்கறையே இல்லையாம்மா?" என்று செயலாளர் மேலே பார்த்துக் கேட்டார். மூச்சு வாங்கியதால் கேள்வி மூன்று துண்டாக வந்தது.

தீர்ப்பும் உடனே வந்தது. பொன்னாடை பறிமுதல். பயனாளிகள் பட்டியலிலிருந்து பேச்சியின் பெயர் நிரந்தரமாக நீக்கம். அவளுக்கோ அவள் வம்சத்துக்கோ சங்கம் இனி எந்தக் காலத்திலும் எந்த உதவியும் செய்யாது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அது யாருக்கும் செய்த முதல் உருப்படியான உதவி அதுதான். பேச்சி இரண்டு தடவை கத்தி நன்றி சொன்னாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அத்திமரத்தடியில் சிறப்பு விருந்தினர் பதக்கத்தோடு காத்திருந்தார். எல்லைக் கோட்டுக்கு ஒருவரும் வந்து சேரவில்லை. கிளம்பிய இடம்தான் முடியும் இடமும் என்பதால், காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழாத யானையே முதலிடம் என்று மைனா அறிவித்தது. அவர் தமக்குத் தாமே பதக்கம் அணிவித்துக்கொண்டு, அடுத்த வருஷம் முயல் வளைகளைக் காப்போம் என்று முழங்கினார். முள்ளெல்லாம் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்த முயல்கள் அதைக் கேட்டன. அன்றைக்கே ஓடைக்கு அந்தப் பக்கம் வேறு காடு பார்க்கப் போய்விட்டன.

பேச்சி பொட்டலுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. மூன்று குஞ்சுகள் வெளியே வந்து, ஓடு ஒட்டிய தலையோடு, கூழாங்கல்லுக்கும் தங்களுக்கும் வித்தியாசம் தெரியாமல் படுத்திருந்தன. நாலாவது பாதி உடம்போடு ஓட்டை உதைத்துக்கொண்டிருந்தது. பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அடக்கிக்கொள்ளவெல்லாம் இல்லை, நன்றாகவே அழுதாள். சுடலை அவளுடைய வாலைப் பார்த்தான். ஓடைக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து அவளுக்கும் பிள்ளைகளுக்கும் நிழலாக நின்றான்.

நாலாவதும் வெளியே வந்தபிறகு அவன் கேட்டான்.

"ஏ பேச்சி. மேடையில உள்ளதை உள்ளபடி சொன்னியா?"

"சொன்னேங்க. முந்நூறு பேருக்கும் கேக்கும்படியா சொன்னேன். எருக்கஞ்செடி வரைக்கும் சொன்னேன்."

"என்ன செஞ்சாங்க?"

"கை தட்டினாங்க."

நீதி: ஊரே திரண்டு உங்களைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டால், வீட்டுக்கு எதிர்த்திசையில் நொண்டவும்.